பவுடர் அக்காவுக்கு வந்த அரிப்பு

அந்தக் கடையின் இரண்டாவது மாடியில், அழகுப் பொருள் பிரிவில் நின்றவளை எல்லோரும் பவுடர் அக்கா என்றே கூப்பிட்டார்கள். அவள் முகத்தை வழித்தால் இன்னொரு ஆளுக்குப் பூசலாம் என்பாள் பில் போடும் பெண். வாய்ச் சாமர்த்தியத்துக்கும் குறைவில்லை. தலைக்குச் சாயம் வாங்க வந்தவரைப் புருவத்துக்கும் சேர்த்து வாங்க வைத்தவள்.

ஒரு நாள் மேனேஜர் விற்பனைப் பெண்களையெல்லாம் சரக்கு அறைக்கு அழைத்தார். கையில் இளஞ்சிவப்பு பாட்டில். ஏ.சி. ஓடியும் மனிதருக்கு வேர்த்தது.

"இது வந்து... லேடீஸுக்கு. அதாவது... அந்த ஏரியாவுக்கு."

"எந்த ஏரியா சார்? டெலிவரி பண்ணணுமா?" என்றாள் பவுடர் அக்கா, எல்லாம் புரிந்துகொண்டே.

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று. மேனேஜர் கூரையைப் பார்த்தபடி மீதியை ஒப்பித்தார். பெண்ணுடம்பில் அந்த ஓரிடம் மட்டும் இத்தனை தலைமுறையாக அழுக்காகவே கிடந்ததாம். ரோஜா வாசனைதான் வந்து கரையேற்றப் போகிறதாம். கழுவ ஒரு திரவம், துடைக்க ஈரத்தாள், தூவ பவுடர், போதாக்குறைக்கு வாசனை நாப்கின். எல்லாவற்றையும் சேர்த்து வாங்கினால் ஒரு பை இலவசம்.

தான் பயன்படுத்தாததை விற்பதில்லை என்பது பவுடர் அக்காவின் கொள்கை. ஊழியர் தள்ளுபடியும் அந்தக் கொள்கைக்குத் துணை நின்றது. அன்றே மொத்தத்தையும் வீட்டுக்குக் கொண்டுபோனாள். காலையில் ஒரு கழுவல், மாலையில் ஒரு கழுவல், நடுநடுவே துடைப்பு. லாரி ஓட்டும் புருஷன், போன வாரத்துப் பனியனோடு கட்டிலில் மல்லாந்து கிடந்தபடி, "வீடே கமகமன்னு இருக்கே" என்று பாராட்டினார்.

கொஞ்ச நாளில் எரிச்சல் தொடங்கியது. பிறகு அரிப்பு. வேறொருத்தி என்றால் நிறுத்தியிருப்பாள். இவளோ சுத்தம் போதவில்லை என்று முடிவுகட்டி, திரவத்தை இரட்டிப்பாக்கினாள். கடையில் உட்கார நாற்காலி கிடையாது. நாலு பேர் பார்க்கச் சொறியவும் முடியாது. கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டு, "நாள் முழுக்க ஃப்ரெஷ்ஷா இருக்கும் மேடம், நான் கேரண்டி" என்றாள். பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா இரக்கப்பட்டு, "அவசரம்னா போயிட்டு வாம்மா, நான் நிக்கிறேன்" என்றார்.

சிறுநீர் பட்டாலே மிளகாய் அரைத்துத் தடவியதுபோல் எரியத் தொடங்கிய பிறகுதான் டாக்டரம்மாவிடம் போனாள். தோல் சிவந்து, அங்கங்கே வெடித்திருந்தது.

"என்னென்ன போடுறீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

பழக்கதோஷம். பவுடர் அக்கா எல்லாவற்றையும் வாசனை விவரத்தோடு அடுக்கினாள். இலவசப் பையையும் விடவில்லை.

"இதெல்லாம் எதுக்கும்மா?"

"வாடை வராம இருக்க, டாக்டர்."

"முன்னாடி வந்துச்சா?"

"இல்ல... வரும்னு சொன்னாங்க."

"யாரு?"

"மேனேஜர் சார்."

"அவருக்கு எப்படித் தெரியுமாம்?"

டாக்டரம்மா களிம்பு எழுதிக்கொடுத்தார். "அங்க தோல் ரொம்ப மென்மையானது. வாசனை சேர்த்த எதுவும் அதுக்கு ஆகாது. உள்பக்கம் தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்கும், நீங்க கை வைக்காதீங்க. வெளிய வெறும் தண்ணி போதும். இறுக்கமில்லாத காட்டன் உள்ளாடை போடுங்க. வாசனை இல்லாத நாப்கின் வாங்கி அப்பப்ப மாத்துங்க. அப்பவும் அரிப்பு அடங்கலன்னா, வெள்ளைப்படுறது நிறம் மாறினா, நேரா இங்க வாங்க. நீங்களா எதையாவது வாங்கிப் பூசாதீங்க."

களிம்பும் தண்ணீருமாக உடம்பு தேறியது. எரிச்சல் மட்டும் இடம் மாறி மண்டைக்கு ஏறிக்கொண்டது.

"என்ன, இப்பல்லாம் வாசனையே காணோம்?" என்றார் புருஷன்.

"அதான் உங்க பனியன் இருக்கே."

அடுத்த கூட்டத்தில் மேனேஜர் ஊதா பாட்டிலோடு வந்தார். இந்தத் தடவை லாவண்டர். பவுடர் அக்கா கை தூக்கினாள்.

"ஆம்பளைங்களுக்கு எப்ப சார் வரும்?"

"ஆம்பளைங்களுக்கா? எதுக்கு?"

"அதே ஏரியாவுக்குத்தான். அங்க என்ன ரோஜாத் தோட்டமா இருக்கு?"

மறுநாளே அவளைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். பக்கெட், துடைப்பம், மிதியடி. தண்டனை என்றுதான் மேனேஜர் நினைத்தார். ஆனால் அங்கே உட்கார ஸ்டூல் இருந்தது. மேலே அவளிடம் வாங்கிப்போன பெண்கள் சிலர், சண்டை போடவோ சந்தேகம் கேட்கவோ, தேடிக்கொண்டு இறங்கி வந்தார்கள். திட்டு வாங்கிக்கொண்டு, டாக்டரம்மா சொன்னதைச் சொல்லி அனுப்பினாள்.

ஒரு நாள் நல்ல புடவை கட்டிய பெண் ஒருத்தி துடைப்பங்களுக்கு நடுவே வெகுநேரம் தயங்கி நின்றாள். மேனேஜரின் மனைவி.

"எங்க வீட்டுக்காரர் ஒரு பெட்டியே கொண்டுவந்து வெச்சிருக்காரு. போட்டதுலேருந்து ஒரே அரிப்பு. அவர்கிட்டச் சொன்னா காதப் பொத்திக்கிறாரு."

பவுடர் அக்கா அவளை ஸ்டூலில் உட்கார வைத்து, ஒன்று விடாமல் சொன்னாள். டாக்டரம்மாவின் முகவரியையும் கொடுத்தாள்.

"அப்ப அந்தப் பாட்டில எல்லாம் என்ன பண்றது?"

"பாத்ரூம் டைல்ஸ் தேய்ங்க மேடம். பளபளன்னு ஆயிடும், நான் கேரண்டி."

தேய்ப்பதற்கென்று நீளக் கைப்பிடி பிரஷ் ஒன்றையும் தலையில் கட்டித்தான் அனுப்பினாள்.