கை எழும்பும் படம்

செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டு ஊரெல்லாம் மிதந்ததே, அதற்கு நாலு வருஷம் முன்னால் நடந்தது இது. எங்கள் வீடு பென்னலூரில். கீழே நாங்கள், மாடியில் கம்பெனிக்குப் போகிற தெற்கத்திப் பையன்கள். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. என் அம்மாவுக்கு ஒரே தம்பி, எனக்கு ஒரே மாமா. தாய் தகப்பன் இல்லாத அவரை வளர்த்தது அம்மாதான். ஒரகடம் பக்கம் இரும்புத் தகடுகளை அழுத்தி வெட்டுகிற ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், அந்தத் தை மாதம் வலது கையின் மோதிர விரலையும் சுண்டு விரலையும் மெஷினுக்குக் கொடுத்துவிட்டு எங்கள் வீட்டோடு வந்து சேர்ந்தார்.

காயம் ஆறிய பிறகும் மிச்ச மூன்று விரல்கள் சரியாக மடங்கவில்லை. தினமும் பேனா பிடித்துக் கோடு போடச் சொல்லி ஆஸ்பத்திரியில் அனுப்பியிருந்தார்கள். நல்ல கோடு போட்டார் போங்கள்! நேராகப் போய்க்கொண்டே இருக்கும், பாதியில் விரல் வெட்டி இழுத்து மேலே ஒரு குதி குதித்து இறங்கும். அடுத்த கோடும் அதே இடத்தில் குதிக்கும். நானாக இருந்தால் தாளைக் கசக்கி எறிந்திருப்பேன். மாமா அதைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பாப்பா, இங்க வாடி. பேப்பர் வீங்கிக்கினு கீது பாரு" என்றார். தொட்டுப் பார்த்தேன். தாள் தட்டையாகத்தான் இருந்தது. கண்ணுக்கு மட்டும் அங்கே ஒரு மேடு தெரிந்தது.

அவ்வளவுதான், ஆளைப் பிடிக்க முடியவில்லை. ஒரு வாரம் உட்கார்ந்து அந்த வித்தையின் நெளிவு சுளிவெல்லாம் கண்டுபிடித்தார். பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் தெருப் பிள்ளைகள் எல்லாம் எங்கள் மாடிப்படியில் ஆஜர். மாடிப் பையன்கள் கம்பெனியிலிருந்து கொண்டுவருகிற வீணாய்ப் போன தாள்களின் பின்பக்கம்தான் எங்கள் டிராயிங் நோட்டு. இடது கையைத் தாளில் பதித்துச் சுற்றிலும் பென்சிலால் மெலிதாக வரைந்துகொள்ள வேண்டும். அப்புறம் ஸ்கெட்ச் பேனாவால் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை கோடு கோடாக இழுக்க வேண்டும். "கைக்கு வெளிய நேரா வா. விரல் வந்தா மேல ஏறு, எறங்கு. அடுத்த விரல், மறுபடி ஏறு. தாண்டினா நேரா போ." பென்சிலை அழித்துவிட்டுப் பார்த்தால் ஐயோ, தாளுக்கு அடியில் யாரோ கையை நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும்!

என் முதல் படத்தில் கோடுகள் பாதி மேலே வளைந்தன, பாதி கீழே வளைந்தன. "உன் கை மேலயும் பிரஸ் எறங்கிடுச்சுடி" என்று மாமா சிரித்தார். நாங்களும் சிரித்தோம். உள்ளே அம்மா பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். மாமா திட்டவே மாட்டார், அழித்துத் தரவும் மாட்டார். எந்த இடத்தில் கண் ஏமாறவில்லை என்று எங்களையே கண்டுபிடிக்கச் சொல்லுவார். மாடிப் பையன் ஒருத்தன் ஷிஃப்ட் முடிந்து வந்து எட்டிப் பார்த்து, "ஏலே, கை எந்திரிச்சு வருதுலே!" என்று கத்தியபோது எனக்கு வந்த கர்வம் இருக்கிறதே, இன்றுவரை எந்தப் பரீட்சையும் அதைத் தரவில்லை.

ஒரு நாள், "மாமா, உன் கைய வரையட்டா?" என்று கேட்டேன். பென்சிலை என்னிடம் கொடுத்தார். பிறகு வலது கையைத் தாளில் வைத்தார். விரல் இல்லாத இடத்தில் கோட்டை என்ன செய்வது என்று எனக்குக் குழப்பம். "கீற எடத்துல ஏறு. இல்லாத எடத்துல நேரா போ. அவ்ளோதான்." அப்படியே போட்டேன். அதுவரை நான் போட்டதிலேயே அதுதான் அசல். மற்ற படங்களோடு அதையும் கூடத்துச் சுவரில் ஒட்டினோம்.

இதற்கிடையே மாமா பழைய கம்பெனிக்கே லேசான வேலைக்குத் திரும்பியிருந்தார். அம்மா அவருக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தாள். கையைப் பார்த்துவிட்டு இரண்டு இடம் கைநழுவிப் போனது. மூன்றாவது வாலாஜாபாத் பக்கம். பெண் சுங்குவார்சத்திரத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை. இந்த முறை அம்மா துணிந்துவிட்டாள். பெண் பார்க்கப் போன அன்று கட்டுத் துணிக்குள் பஞ்சைத் திரித்து வைத்து, ஐந்து விரலும் முழுசாக இருக்கிற மாதிரி ஒரு கட்டுப் போட்டாள். "ஷிஃப்ட்ல லேசா கிழிச்சிக்கினான், ஆறிடும்" என்று அவர்களிடம் சொன்னாளாம். மாமா வேண்டாம் என்றதற்கு, "தாலி ஏறட்டும், அப்பால தெரிஞ்சா தெரியட்டும். உன்ன ஒண்டியா வுட்டுட்டு நான் கண்ண மூடணுமா?" என்று ஒரு மூச்சு அழுதாள். பெண்ணைப் பார்த்துவிட்டு வந்த மாமா இரண்டு நாள் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டு திரிந்தார். அவருக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்துவிட்டது என்பது எனக்கே தெரிந்தது.

அடுத்து அவர்கள் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார்கள். பெண்ணின் அப்பா, அம்மா, அண்ணன். மாமா கையில் அதே கட்டு. கேசரி, பஜ்ஜி, காப்பி எல்லாம் ஆனது. மாமா மட்டும் இடது கையில் ஸ்பூன் வைத்துக்கொண்டு கேசரியைக் கிளறிக்கொண்டிருந்தார். பெண்ணின் அப்பா சுவரைப் பார்த்து, "இன்னாங்க இது, வூடு பூரா கையா கீது?" என்றார். "புள்ளைங்க கிறுக்குனதுங்க" என்று அம்மா பேச்சை மாற்றப் பார்த்தாள். அதற்குள் மாமா, "பாப்பா, பீரோ மேல ஒண்ணு கீது, எடுத்துக்கினு வா. அதான் நல்லா வந்துச்சு" என்றார்.

நான் பறந்தேன். பீரோ மேல் இருந்தது மாமா கைப் படம். இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக் காட்டினேன். பெண்ணின் அப்பா எல்லாரையும் போலவே தடவிப் பார்த்து வியந்தார். அப்புறம் எண்ணினார். "மூணு விரல்தான கீது. மீதி எங்க?"

"எங்க மாமா கை அப்டித்தான். ரெண்டு பிரஸ்ல போயிடுச்சு" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

எல்லார் கண்ணும் மாமாவின் கட்டுக்குப் போனது. மாமா அவசரமே இல்லாமல் கட்டைப் பிரித்தார். உள்ளே திணித்த பஞ்சு மடியில் விழுந்தது. ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, மூன்று விரலால் கேசரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "சொல்லாம வுட்டது எங்க தப்புங்க. பொண்ணுகிட்டயும் சொல்லிட்டு முடிவெடுங்க" என்றார்.

"போயிட்டுத் தகவல் சொல்றோம்" என்று எழுந்தார்கள். அவர்கள் வாசலைத் தாண்டியதும் அம்மா என் முதுகில் நாலு சாத்து சாத்தினாள். "பாவி, அவன் வாழ்க்கையவே கெடுத்துட்டியேடி!" மாமா நடுவில் வந்து விழுந்து இரண்டு அடி வாங்கிக்கொண்டார். "அவள இன்னாத்துக்குக்கா அடிக்கிற? கேட்டதுக்குத்தான பதில் சொன்னா" என்றார். மூன்றாம் நாள் என் அப்பாவுக்குப் போன் வந்தது. பையன் நல்ல பையன்தான், ஆனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மாமா கேட்டுக்கொண்டு, சரி என்று சொல்லி, செகண்ட் ஷிஃப்ட் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனார். அன்றிலிருந்து நாலைந்து நாள் அவர் சிரிக்கவே இல்லை.

அடுத்த வருஷம் வேறு இடம் அமைந்தது. அங்கே அம்மா கட்டும் போடவில்லை, கதையும் கட்டவில்லை. இப்போதும் அத்தை எங்கள் மாமாவை வாய் ஓயாமல் வம்புக்கு இழுத்துக்கொண்டு சௌக்கியமாகத்தான் இருக்கிறார். ஆனால் அந்த முதல் கல்யாணத்தைக் கெடுத்தது நான்தான் என்று ரொம்ப வருஷம் எனக்குள் ஒரு உறுத்தல் இருந்தது. வளர்த்த அக்காளைப் பத்துப் பேர் முன்னால் பொய்க்காரி என்று சொல்ல ஒரு தம்பிக்கு வாய் வராது என்பதெல்லாம் அந்த வயசில் எனக்கு எங்கே தெரியும்?

அந்த வாலாஜாபாத் பெண் வீட்டார் வருவதாக இருந்த அன்று காலை, அம்மா குளிக்கப் போன நேரத்தில், மாமா அந்தப் படத்தைச் சுவரிலிருந்து கிழியாமல் பிரித்தெடுத்தார். விருந்தாளிகளுக்கு நாற்காலி போடுகிற இடத்தில் என்னை உட்காரச் சொன்னார். எதிரே நின்று படத்தை மார்போடு பிடித்துக்கொண்டு, "அங்கேர்ந்து எத்தினி விரல் தெரியுது?" என்று கேட்டார்.

"மூணு மாமா."

"பாத்தவுடனே தெரியுதா?"

"சூப்பரா தெரியுது."

"யாராச்சும் கேட்டா அப்டியே சொல்லுவியா?"

"ஓ, சொல்லுவேனே!"

என் தலையில் கையை வைத்தார். பிறகு படத்தை பீரோ மேல் வைத்தார். படத்துக்கு மார்க் போட்டுவிட்டார் என்ற சந்தோஷத்தில் நான் பல் தேய்க்க ஓடினேன்.