ஐந்து கிலோ கல்

"மெதுவா வை. பொத்துனு போட்டா முள்ளு கோவிச்சுக்கும்," என்கிறார் தராசு பழுதுபார்ப்பவர். தினமும் காலை ஆறு மணிக்கு இதே காட்சி. அவர் மனைவி ஐந்து கிலோ இரும்பு எடைக்கல்லைச் சுமந்து வந்து எடை பார்க்கும் இயந்திரத்தின் மேல் இறக்குகிறார். முள் சரியாக ஐந்தில் நின்றால்தான் இவர் ஏறுவார்.

"இந்தக் கல்லுக்குக் குடுக்கிற மரியாதையில கால்வாசி எனக்குக் குடுத்தா போதும்." அந்த அம்மாளின் காலைப் பிரார்த்தனை ஏறக்குறைய இதுதான்.

எட்டு மாதத்துக்கு முன் வந்த மாரடைப்பில் இதயத்தின் ஒரு பகுதி செத்துப்போயிற்று. மீதி, ஆள் குறைந்த பட்டறை மாதிரி திணறி ஓடுகிறது. உடம்பில் நீர் தேங்கினால் எடை ஏறும். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கல் தூக்கத் தடை. நாற்பது வருடம் அடுத்தவர் தராசுகளைத் திருத்தியவர், தன் பட்டறைக்கே பார்வையாளராகப் போய்வருகிறார். மறுபடி கல் தூக்குவோமா என்பது ஒன்றே அவர் கவலை.

எந்தத் தராசையும் நம்பாத மனிதர், மருந்துக்கடைக்காரரை மட்டும் அப்படியே நம்பினார். "பிழைச்ச தசையில ஆக்சிஜனே தறிகெட்டுப் போய் செல்லை அரிக்குது," என்று டாக்டரம்மா விளக்கியபோது, "துருன்னு சொல்லுங்க," என்று தலையாட்டிவிட்டு வந்தார். வந்த வழியிலேயே அந்த அரிப்பைப் போக்குமென்று கடைக்காரர் கொடுத்த சத்து மாத்திரைகளை வாங்கிப் பிடிபிடியாக விழுங்கத் தொடங்கினார். டாக்டரம்மா எழுதிக்கொடுத்தவை டப்பாவிலேயே கிடந்தன.

அடுத்த முறை போனபோது குட்டு உடைந்தது.

"எடைக்கல்லுல துரு பிடிச்சா உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பீங்களா?" என்றார் டாக்டரம்மா.

"அதெப்படி? கல்லே தேஞ்சு எடை குறைஞ்சிடுமே. எண்ணெய்த் துணியால துடைக்கணும்."

"நான் எழுதினது எண்ணெய்த் துணி. நீங்க வாங்கினது உப்புத்தாள். கொஞ்சம் துரு உடம்புக்கும் வேணும், மொத்தமா சுரண்டிடக் கூடாது."

இவர் கண் அறை மூலையிலிருந்த எடை இயந்திரத்துக்குப் போயிற்று. "உங்க மிஷின்ல முந்நூறு கிராம் தப்பு," என்றவர், அதைத் திருத்திவிட்டுத்தான் கிளம்பினார். அன்றிலிருந்து எழுதிக்கொடுத்த மாத்திரை ஒன்றும் தவறவில்லை.

நேற்று ஸ்கேன். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் இரத்தம் முன்பு நூற்றுக்கு இருபத்தெட்டாக இருந்தது, இப்போது முப்பத்தொன்பது. "அஞ்சு கிலோ வரைக்கும் தூக்கலாம். பட்டறைக்குப் பாதி நாள் போகலாம்," என்றார் டாக்டரம்மா.

இன்று காலை கல்லை அவரே எடுத்தார். இரண்டு கையாலும், மூச்சை அடக்காமல், நாலு எட்டு நடந்து, சத்தமில்லாமல் இறக்கினார்.

"நான் ஒண்ணும் பார்க்கலைப்பா," என்று மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கூட நடந்தார். ஆனால் அந்த நாலு எட்டும் கல்லுக்கு அடியில், அதைத் தொடாமல், அந்த அம்மாளின் உள்ளங்கை வந்துகொண்டிருந்தது.