கடும்பு குடித்த கன்றுகள்

பாபகூரா என்ற வெளிநாட்டு ஊருக்குத் தெற்கே ஒரு பண்ணையில் பால் கறக்கிறேன். என்னோடு வேலை செய்கிறவன் தமிழ்நாட்டுக்காரன். கலியாணம் கட்டிப் பிள்ளையும் உள்ளவன். மாட்டைப் பற்றிப் படித்துவிட்டு வந்தவன். அந்த வசந்தத்தில் பிறந்த பசுக்கன்றுகளை முதலாளி அவனுக்கே கொடுத்திருந்தார். வளர்த்துத் தனக்கென்று ஒரு பட்டி தொடங்க வேண்டும், அவனுக்கு அதுதான் நினைப்பு.

மாடு கன்று போட்டதும் வரும் முதற்பாலை எங்கள் ஊரில் கடும்பு என்போம். அவன் சீம்பால் என்பான். எல்லா மாட்டின் கடும்பையும் ஒரே பீப்பாயில் ஊற்றிக் கலந்து, எல்லாக் கன்றுக்கும் கொடுப்பது எங்கள் பண்ணை வழக்கம். ஒரு கறுப்பு வெள்ளை மாட்டுக்குக் கடும்பு அதிகம். பீப்பாயில் பாதி அதனுடையதாக இருக்கும்.

பிறகு மிருக வைத்தியர் வந்தார். புதுச் சோதனை என்றார்கள். நான் வாலைத் தூக்கிப் பிடித்தேன். அவர் வாலடியில் ஊசி போட்டு ரத்தம் எடுத்தார். குடலில் வருகிற நோய் ஒன்று உண்டாம். வெளியே தெரிய வருடக்கணக்காகும். தெரிந்தபின் மாடு கழிந்து கழிந்து எலும்பாகிச் சாகும். மருந்தில்லை. ஆனால் நோய் உள்ளே இருந்தால் ரத்தத்திலுள்ள புரதங்கள் மாறுமாம். அதை வைத்து முன்னமே பிடிக்கலாமாம். இதெல்லாம் அவன் எனக்குத் தமிழில் சொன்னது.

“நம்ம ரத்தத்த யாருண்ணே இப்படிப் பாக்குறா,” என்று சிரித்தான்.

கறுப்பு வெள்ளை மாட்டின் ரத்தம் சரியில்லை என்று வந்தது. சாணத்தையும் எடுத்துப் பார்த்தார்கள். அதுவும் அதையே சொன்னது. போனில் முடிவைப் பார்த்தவன் தண்ணீர்க் குழாயை நிறுத்தினான். மாடு மினுமினுவென்று நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது.

கடும்பு வழியாகக் கன்றுக்கு நோய் போகும் என்று அவனுக்குத் தெரியும். எனக்கு அவன் சொல்லித்தான் தெரியும். கன்றின் ரத்தத்தில் இப்போது பார்த்தாலும் ஒன்றும் பிடிபடாதாம். வளரும்வரை பொறுக்க வேண்டும். அதற்குள் சாணம் விழுந்து புல்தரையும் கெட்டுப்போகலாம். என்ன செய்வது என்பதை முதலாளி அவனிடமே விட்டார்.

“அந்தப் பீப்பாய்ல குடிக்காத கன்னு ஒண்ணாவது இருக்காண்ணே?”

ஊட்டியது நான். யோசித்துப் பார்த்தேன்.

“இல்லைத் தம்பி. எல்லாம் குடிச்சது.”

பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் அந்தக் கன்றுகளை முன்பே விலைக்குக் கேட்டிருந்தார்.

“அவர்கிட்ட சொல்லாம குடுத்துட்டா?” என்றான்.

அவன் கையைக் கழுவிக்கொண்டே நின்றான். கழுவின கையையே திரும்பக் கழுவினான்.

“வேணாம்ணே. நாளைக்கு இதுக ஈனுனா அந்தாளும் ஒரே பீப்பாய்லதான் ஊத்துவாரு.”

மாட்டை முதலில் அறுப்புக்குக் கொண்டுபோனார்கள். இரண்டொரு நாளில் கன்றுகளுக்கு லொறி வந்தது. அவை ஏறவில்லை. லொறிக்காரன் தடியை எடுத்தான். வேண்டாம் என்றேன். பால் வாளியைக் கண்டால் வந்துவிடும். வெறும் வாளியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஏறின.

அவன் வரவில்லை. கொட்டிலுக்குள் கறவை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. கறக்கிற நேரமில்லை, உள்ளே ஒரு மாடும் இல்லை. கன்றுகள் கத்துவது கேட்கக் கூடாதென்று போட்டிருப்பான். லொறி வாசலைத் தாண்டும்வரை நான் உள்ளே போகவில்லை.