நீரிலும் ஓடும் வண்டியின் அச்சு

இன்று மாலை வெள்ளவத்தைச் சோதனைச் சாவடியில் எங்கள் ஓட்டோவை நிறுத்தினார்கள். என் மடியில், பக்கத்தில் இருந்த மெக்கானிக் சிவா பலப்படுத்திய அச்சும் புது பேரிங்குகளும் இருந்தன.

"மே மொனவத?" என்று, இது என்ன என்பதைச் சிங்களத்தில் கேட்டார் பொலிஸ்காரர்.

நான் வாய் திறப்பதற்குள் சிவா சிங்களத்தில் பெருமையடித்தார்: "ஹோட்டல்ல சுற்றுலாக்காரரை ஏத்துற வண்டிக்கு, சேர். காட்டிலயும் ஓடும், களப்பிலயும் மிதக்கும். இனி பேரிங்குக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி போகாது."

கடற்புலிகளோடு சண்டை நடக்கும்போது, தண்ணீரில் ஓடும் வண்டியைப் பற்றித் தமிழர் பெருமை பேசும் காலமா இது?

மேலதிகாரி வந்தார். அச்சைத் தடவிப் பார்த்தார்.

"எங்கட வண்டிக்கும் பேரிங்குக்குள்ள தண்ணி போற வருத்தம்தான். வாங்க" என்று சிவாவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்.

ரிப்பேருக்குத்தான் போயிருக்கிறார் என்று சிவாவின் மனைவியிடம் சொன்னேன்.

"அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. அவரை எங்க வச்சிருக்கினம்?" என்று அழுகிறார்.

இப்போது எனக்கும் சந்தேகமாக இருக்கிறது. உண்மையை நம்பாத அந்த மனைவி நம்பக்கூடிய பொய் ஏதும் தெரிந்தால் கீழே எழுதுங்கள்.