பாலத்துக்கு முன்னால் கேட்ட குரல்

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நாவூறு கழிக்கிற குடும்பத்தில் பிறந்தவள் நான். ஆனாலும் முதலில் தெர்மோமீட்டரைத்தான் தேடுவேன். யாழ்ப்பாணத்தில் உயிரியல் படித்தேன், பேய் பிசாசுக் கதை சொல்கிறவர்களைக் கண்டால் மெதுவாக எழும்பிப் போய்விடுவேன். ஆனால் பயந்த ஆள், அதை ஒளிக்கவில்லை. திராட்சைப்பழம் பிள்ளையின் தொண்டையில் சிக்கும், பனியில் கார் வழுக்கும், நடுராத்திரி தொலைபேசி அடிக்கும், இவைதான் என் பயங்கள். எல்லாம் நடக்கக்கூடிய விஷயங்கள். நடக்க முடியாதவற்றுக்கு நான் ஒருநாளும் பயந்ததில்லை. வாசித்து முடித்ததும், நித்திரை இல்லாத தாய்க்கு வந்த குழப்பம் என்று நீங்கள் சொல்லலாம். நானே பல தடவை எனக்கு அப்படிச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

என் கணவர் சுதனும் அவருடைய கூட்டாளி அன்ரன் அண்ணையும் இங்கே கியூபெக்கில், சென்ட் லோரன்டில் ஒரே தொழிற்சாலையில் வேலை. இருவருக்கும் சைக்கிள் பைத்தியம். தார் றோட்டில் ஓடுகிற சைக்கிள் இல்லை, கல்லும் மண்ணுமான பாதைகளுக்கென்றே வருகிற தடித்த டயர் சைக்கிள். சனி ஞாயிறுகளில் இல்-பிசார் தீவைச் சுற்றிவிட்டு உடம்பெல்லாம் சேறோடு எங்கள் சமையலறைக்கு வந்து தேத்தண்ணி குடிப்பார்கள். அப்போதெல்லாம் ஒரே கதை ஸ்பெயின்தான். அந்த நாட்டின் தெற்கே ஒலிவ் தோட்டங்களுக்கு நடுவால் சரளைப் பாதைகள் போகின்றனவாம், மலையுச்சியில் வெள்ளை வெள்ளையாக ஊர்கள், அரபு அரசர்கள் காலத்துக் காவல் கோபுரங்கள், ரோமர் கட்டிய பாலங்கள், எல்லாவற்றையும் சைக்கிளிலேயே தொட்டுக்கொண்டு போகலாமாம். அன்ரன் அண்ணை குளிர்காலம் முழுக்க கணினியில் வரைபடத்தை விரித்து வைத்து, யாரோ முன்பு ஓடிவிட்டுப் போட்ட பாதைகளை வெட்டி ஒட்டித் தங்களுக்கென்று ஒரு பாதை செய்தார். அதை எனக்குக் காட்டி, "தங்கச்சி, இதிலை ஒரு கார் கூட வராது, நீர் பயப்பிட ஒண்டுமில்லை" என்றார்.

அவர்கள் புறப்பட்ட அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். சைக்கிள் பெட்டிகளை ஏற்றிவிட்டு இருவரும் வாசல்படியால் இறங்கும்போது என் மகள், அப்போது மூன்று வயது, பின்னால் நின்று "பப்பா!" என்று கத்திவிட்டாள். பயணம் போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்பது எங்கள் வீடுகளில் தெரியும்தானே. கூப்பிட்டால் திரும்பி வந்து, கொஞ்சம் இருந்து, தண்ணீர் குடித்துவிட்டுப் போக வேண்டும். நம்பிக்கை இல்லை என்று சொன்ன நான்தான் இருவரையும் திரும்பி வரச் சொன்னேன். சுதன் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்து கதிரையில் இருந்து தண்ணீர் குடித்தார். அன்ரன் அண்ணை படியிலேயே நின்று சிரித்தார்.

"நான் வேதக்காரன் தங்கச்சி, உந்தச் சட்டம் எனக்கு இல்லை."

அவருடைய மனைவி ஜெனிற்றா அக்கா காருக்குள் இருந்து, "குடியுங்கோவன், தண்ணிதானே" என்றா. அவர் குடிக்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. அவர்கள் கிறிஸ்தவர்கள், மற்றவர்களின் சமயத்தில் தலையிடக் கூடாது என்று நினைத்தேன். அது சரியா பிழையா என்று இன்றுவரை எனக்குள் வழக்காடுகிறேன்.

சுதன் என்னிடம் ஒரு வாக்கு வாங்கியிருந்தார், சைக்கிள் ஓடுகிற நேரம் நான் தனக்குப் போன் அடிக்கக் கூடாது என்று. பதிலுக்கு, அவர் எங்கே நிற்கிறார் என்று காட்டுகிற நீலப் புள்ளியை என் போனில் போட்டுத் தந்தார். முதல் நாட்களில் அந்தப் புள்ளியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அது ஒலிவ் தோட்டங்களுக்குள் எறும்பு மாதிரி ஊர்ந்தது, ஊர்களில் நின்றது, பிறகு நகர்ந்தது. பின்னேரங்களில் படங்கள் வரும். இடிந்த கோபுரத்தின் கீழே இருவரும் தூசியில் குளித்த முகத்தோடு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள்.

அந்த நாள் மட்டும் எனக்குப் பயமே இருக்கவில்லை. இதை நீங்கள் நம்பினாலும் சரி, விட்டாலும் சரி, அவர்களுடைய பயணத்தின் கடைசி நாளுக்கு முதல் நாள், மனம் பஞ்சு மாதிரி இருந்தது. மகளுக்கு இருமல், கார்ட்ரிக்கு, அதுதான் பிள்ளைகள் காப்பகத்துக்கு, அனுப்பவில்லை, மத்தியானம் அவள் சோபாவிலேயே நித்திரையாகிவிட்டாள். நான் பக்கத்தில் இருந்து உடுப்பு மடித்தேன். போன் சமையலறையில் கிடந்தது. அங்கே ஸ்பெயினில் பொழுதுபடுகிற நேரம், எங்களுக்கு நல்ல வெயில். வாயைத் திறந்து ஒரு சொல் பேசவில்லை. பேச ஆளும் இல்லை.

யாரோ கதவைத் தட்டினார்கள். தட்டுவதா, இடிப்பதா என்று தெரியவில்லை, அப்படி ஒரு சத்தம். நாங்கள் இருப்பது லொங்குய்யில், இரண்டு குடும்பம் நடுச்சுவரைப் பகிர்ந்துகொள்கிற வீடு. சுவருக்கு அந்தப் பக்கம் தனியாக இருக்கிற வயதான கியூபெக் மதாம்தான் வெளியே நின்றா, கையில் போன், முகம் வெளிறிப்போய். எனக்கு ஏதும் நடந்துவிட்டதா, பொலிசைக் கூப்பிடட்டுமா என்று கேட்டா. நான் கத்திக்கொண்டே இருந்தேனாம். யாரையோ கூப்பிடுகிற மாதிரி, திரும்பத் திரும்ப ஒரே சொல்லை, அடித்தொண்டையால். பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஓடி வந்தாவாம்.

இல்லை மதாம், நான் கத்தவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. காற்றுத்தான் வந்தது. தொண்டை புண்ணாகிக் கிடந்தது, எச்சில் விழுங்க முடியவில்லை. மதாம் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தா. பிள்ளை அசையாமல் நித்திரை. இவ்வளவு சத்தத்துக்கும் இது எழும்பவில்லையா என்று கேட்டா, என்னைக் கேட்கிற மாதிரி இல்லை, தனக்குத்தானே.

கொஞ்ச நேரத்தில் சமையலறையில் போன் அடித்தது. சுதன். நான் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன், பேச முடியவில்லை. அவரே சொன்னார்.

"நீர் கதைக்க வேண்டாம், கேளும். அன்ரன் எங்களை விட்டிட்டுப் போயிட்டான்."

மற்றது எல்லாம் அவர் சவப்பெட்டியோடு திரும்பி வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

பொழுதுபடப் போகிறது, தங்கப்போகிற ஊரின் விளக்குகள் தூரத்தே மலையில் தெரிகின்றன, இடையில் ஒரு வறண்ட ஆறும் அதற்கு மேல் பழைய கல்பாலமும்தான். அன்ரன் அண்ணை முன்னால், இவர் கொஞ்சம் பின்னால். ஒரு இடிந்த கோபுரத்தைத் தாண்டியதும் முதுகுக்குப் பின்னால் என் குரல் கேட்டதாம், வீட்டில் நான் அவரைக் கூப்பிடுகிற அதே மாதிரி.

"இஞ்சேருங்கோ. ஒருக்கா நில்லுங்கோ."

ஆள் அரவம் இல்லாத வெளி. ஒரு ஆடுகூட இல்லை. தனக்குப் பிரமை என்றுதான் நினைத்தாராம், ஆனால் முன்னால் போன அன்ரன் அண்ணையும் தலையைத் திருப்பியிருக்கிறார். திருப்பிச் சிரித்திருக்கிறார்.

"மச்சான், உன்ரை மனிசி ஸ்பெயினுக்கும் வந்திட்டா. நீ இருந்து தண்ணியைக் குடி, இல்லாட்டி விடமாட்டா. நான் பாலத்தடியிலை நிக்கிறன்."

குரல் விடவில்லையாம். கூப்பிட்டுக்கொண்டே இருந்ததாம். சுதன் இறங்கி ஒரு கல்லில் இருந்தார். ஏன் இருந்தேன் என்று தெரியவில்லை என்கிறார், பழக்கதோஷம் என்கிறார். போத்தலைத் திறந்து வாயில் வைக்கும்போது கல் சரிகிற சத்தம் கேட்டது. மாரி மழை பாலத்தின் ஒரு பக்கத்தை அடியோடு அரித்துக்கொண்டு போயிருக்கிறது, அரைகுறை வெளிச்சத்தில் பாதை நேராகப் போவது போலத்தான் தெரியுமாம். அவர் கீழே இறங்கிப் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது.

எனக்குக் குரல் திரும்ப நாட்கள் எடுத்தன. கிளினிக்கில் டொக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, கிருமி ஒன்றும் இல்லை, மிதமிஞ்சிக் கத்தியதால் வந்த வீக்கம், கச்சேரி செய்கிற ஆளா என்று கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டினேன்.

செத்தவீடு முடிந்த பிறகு சுதன் ஜெனிற்றா அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சொல்ல வேண்டாம் என்று நான் கெஞ்சினேன். அவனுடைய கடைசிக் கதையைக் கேட்க அவவுக்கு உரிமை இருக்கிறது என்றார். அது நியாயம்தான். அக்கா அழாமல் கேட்டா. அவர் சிரித்தார் என்ற இடத்தில் மட்டும், "எப்பிடிச் சிரிச்சவர்?" என்று கேட்டா, சுதன் சொன்னதும் தலையை ஆட்டினா. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டா, கோபமாக இல்லை.

"நீர் ஏன் உம்மடை ஆளை மட்டும் கூப்பிட்டனீர்? அவரின்ரை பேரையும் ஒருக்காச் சொல்லியிருந்தா நிண்டிருப்பார். பேர் சொல்லிக் கூப்பிட்டா நிக்காத மனிசன் இல்லை."

நான் கூப்பிடவில்லை அக்கா என்றேன். அது உண்மை. என் தொண்டையும் மதாமும் டொக்டரும் வேறு கதை சொல்கிறபோது அந்த உண்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது. கூப்பிட்டது நான்தான் என்றால், எனக்குத் தெரியாமல் என்னுள் இருக்கிற ஏதோ ஒன்று, சாவு வருகிற பாதையில் இரண்டு பேரைக் கண்டு, தன் ஆளை மட்டும் தெரிந்தெடுத்திருக்கிறது. நல்ல பெண், பொறுப்பான பெண் என்று எல்லாரும் சொல்கிற நான்.

சுதன் சைக்கிளை விற்றுவிட்டார். அன்ரன் அண்ணை வரைந்த அந்தப் பாதை இன்னும் கணினியில் கிடக்கிறது, அழிக்க இருவருக்கும் மனம் வரவில்லை.

இனிச் சொல்லப்போவது நடந்தது போன மாதம். ஒரு மத்தியானம் ஜெனிற்றா அக்கா முன்னறிவிப்பு இல்லாமல் மெத்ரோ பிடித்து வந்தா. சுதன் வேலையில், மகள் கார்ட்ரியில். நன்றாக மெலிந்திருந்தா. தேத்தண்ணியைத் தொடாமல், அன்றைக்கு நான் எங்கே இருந்தேன் என்று கேட்டா. சோபாவைக் காட்டினேன்.

"அதிலை இரும். இருந்து ஒருக்கா அவரைக் கூப்பிடும். அண்டைக்குக் கூப்பிட்ட மாதிரி."

நான் மாட்டேன் என்றேன். இது நல்லதில்லை அக்கா, பாதரோடு கதையுங்கோ என்றேன். அவ சோபாவுக்கு முன்னால் நிலத்தில் இருந்து என் முழங்காலில் கையை வைத்தா.

"என்ரை குரல் போகாது. நான் கத்திப் பாத்திட்டன். உம்மடை குரல் போகுது."

இதற்கு நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்? நான் கூப்பிட்டேன். "அன்ரன் அண்ணை, ஒருக்கா நில்லுங்கோ." முதல் தரம் மெல்லமாக, பிறகு கொஞ்சம் பலமாக. குளிர்சாதனப் பெட்டி இரைந்தது, வெளியே ஒரு பஸ் போனது, வேறொன்றும் இல்லை. அக்கா கண்ணை மூடிக் காத்திருந்தா, பிறகு எழும்பி சால்வையைச் சுற்றிக்கொண்டு, "குறை நினையாதையும்" என்றுவிட்டுப் போனா. எனக்கு ஒரு பெரிய பாரம் இறங்கியது. ஒன்றும் நடக்கவில்லை. அப்படியென்றால் அன்றைக்கும் ஒன்றும் நடக்கவில்லை, எல்லாம் தற்செயல்.

அன்று பின்னேரம் குப்பைப் பெட்டியை வெளியே இழுத்துக்கொண்டு போனேன். மதாம் தன் வாசலில் நின்று சிரித்தா. என் கணவர் மறுபடி சிரிப்பதைக் கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது என்றா, இத்தனை நாளும் எங்கள் பக்கம் செத்த அமைதியாக இருந்ததாம். மத்தியானம் நான் கூப்பிட்டதும் அவர் பதில் சொன்னாராம், ஏதோ நீளமாகச் சொன்னாராம், ஒரே மூச்சு வாங்கிக்கொண்டு. திரும்ப சைக்கிள் ஓடத் தொடங்கிவிட்டாரா என்று கேட்டா, மேட்டில் ஏறி வருகிற ஆள் மாதிரி இருந்ததாம். சுதன் அப்போது வேலையில் இருந்தார். இன்னும் வீட்டுக்கு வந்திருக்கவில்லை. நான் ஓம் என்று தலையாட்டி, மெர்சி என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.

நேற்று ஜெனிற்றா அக்கா செய்தி அனுப்பியிருக்கிறா. அன்று வந்துபோன பிறகு மனம் கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறதாம், வருகிற கிழமையும் வரட்டுமா என்று கேட்கிறா. மதாமுக்குக் கேட்டதைச் சொன்னால் அவ இந்தச் சுவரைவிட்டுப் போகவே மாட்டா. சொல்லாவிட்டால் அன்ரன் அண்ணையின் சிரிப்பை அவவிடமிருந்து நான் ஒளித்துவைக்கிறேன். அவர் எந்த மேட்டில் ஏறிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. நான் நில்லுங்கோ என்றுதான் சொன்னேன், வாருங்கோ என்று சொல்லவில்லை. பதிலை எழுதி எழுதி அழிக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை.