வருஷம் பார்த்துக் கழித்த கோப்புகள்

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவளுக்கு அந்த வட்டாரத்தில் ஸ்க்ரூ என்று பெயர். கொண்டையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூடிரைவர் குத்தியிருக்கும். பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கே எங்காவது கையெழுத்துப் போடும்போதுதான் ஞாபகம் வரும். வயது நாற்பத்தைந்து. படிப்பு பத்தாவதோடு சரி, அதிலும் கணக்கில் தட்டுத் தடுமாறித்தான் தேறினாள்.

முதலில் ஜெராக்ஸ் கடையில் இருந்தாள். மெஷின் நின்றுபோனால் முதலாளி கடையைப் பூட்டிவிட்டு, மெக்கானிக் வரும்வரை இரண்டு நாள் தூங்குவார். இவளுக்கு அந்தச் சோம்பேறித்தனம் பிடிக்கவில்லை. ஒருநாள் மூடியைக் கழற்றிப் பார்த்தாள். உள்ளே ஒரு காகிதம் கசங்கிக் கிடந்தது. இதற்கா இரண்டு நாள் என்று அன்றைக்குப் பிடித்த தைரியம்தான். பிறகு பிரிண்டர், பிறகு கம்ப்யூட்டர். புருஷன் வேன் ஓட்டுகிறான். நல்ல மனுஷன், வாயைத் திறக்கமாட்டான். அந்த வீட்டில் பேசுகிற வேலையும் இவள் தலையில்தான்.

யார் வீட்டுக்குப் போனாலும் பையைத் திறக்குமுன் ஒரே கேள்விதான் கேட்பாள்: "கடைசியா என்ன பண்ணீங்க?"

எல்லோரும் சொல்கிற பதிலும் ஒன்றே. "ஒண்ணுமே பண்ணலம்மா. தானா நின்னுபோச்சு."

ஸ்க்ரூ யாரையும் நம்பமாட்டாள். ஒண்ணுமே பண்ணாத ஒரு வக்கீல் கீபோர்டை டீயில் குளிப்பாட்டி மொட்டைமாடியில் காயப்போட்டிருந்தார். ஒண்ணுமே பண்ணாத ஒரு டாக்டர் வீட்டில் பிளக்கையே பிடுங்கி மிக்ஸியைச் செருகியிருந்தார்கள். மனுஷன் கை வைக்காமல் எதுவும் கெடாது என்பது அவள் கட்சி.

அன்றைக்கு மத்தியானம் ஒரு மணிக்குத் தையற்காரம்மா போன் செய்தாள். குரலைக் கேட்டதும் ஸ்க்ரூ பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஸ்கூட்டரை எடுத்தாள்.

தையற்காரம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. வீட்டு முன்னறையில்தான் கடை. அங்கே ஒரு எம்பிராய்டரி மெஷின் இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஒரு சாஃப்ட்வேர். அதில் எழுத்தை வடிவமைத்து மெஷினுக்கு அனுப்பினால், ஊசி தானாகத் துணியில் பின்னிவிடும். பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பெண்கள் கால்பந்துக் குழுவுக்குப் பதினாலு சட்டை. ஒவ்வொன்றின் முதுகிலும் அவரவர் பெயரைப் பின்னித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தாள். ஐந்து முடிந்துவிட்டது. ஒன்பது பாக்கி. நாலு மணிக்குத் தெருமுனையில் பஸ் வந்து நிற்கும், பெண்கள் வெளியூருக்கு மேட்ச் ஆடப் போகிறார்கள்.

"ஒரு பேரைப் பின்ன பத்து நிமிஷம் ஆகும்டி. ரெண்டரைக்குள்ள ஆரம்பிக்கலைன்னா முடியாது" என்றாள் தையற்காரம்மா. "எல்லாமே மொட்டை முதுகா இருந்தாக்கூடப் பரவாயில்ல. அஞ்சு பேருக்குப் பேரு இருந்து ஒன்பது பேருக்கு இல்லன்னா, அந்தப் பொண்ணுங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? போன வாரம் வந்து, என் பேரை எந்தக் கலர்ல போடுவீங்கன்னு ஒவ்வொண்ணும் தனித்தனியா கேட்டுட்டுப் போச்சுங்க."

"கடைசியா என்ன பண்ணீங்க அக்கா?"

"ஒண்ணுமே பண்ணல. நேத்து காலைல திறந்தா திறக்கல. எடுத்துட்டுத் திரும்பவும் போட்டேன். நாலு தடவை போட்டாச்சு. போடும்போது நல்லாத்தான் போவுது, திறந்தா இதையேதான் சொல்லுது."

திரையில் நேற்றிலிருந்து மூடாமல் கிடந்த ஒரு சின்னப் பெட்டி. எம்எஸ்விசிஆர் 100 டிஎல்எல் என்ற கோப்பு இந்தக் கம்ப்யூட்டரில் இல்லை, சாஃப்ட்வேரை மறுபடியும் நிறுவிப் பாருங்கள் என்றது.

"நாப்பது தடவை போட்டாலும் இதேதான் சொல்லும்" என்றாள் ஸ்க்ரூ. "இந்தக் கோப்பு உங்க சாஃப்ட்வேரோட சொந்தச் சொத்து இல்லக்கா. குடித்தனக்காரங்க எல்லாரும் எடுத்துக்கிற பொது ஏணி மாதிரி. ஏணி காணாமப்போச்சுன்னா வீட்டை இடிச்சுக் கட்டி என்ன பிரயோஜனம்? ஏணியைக் கொண்டாரணும்."

நிறுவியிருக்கும் புரோகிராம்களின் பட்டியலைத் திறந்தாள். இந்த மாதிரிப் பொது ஏணிகள், விஷுவல் சி பிளஸ் பிளஸ் என்ற பெயரில், ஏழெட்டு இருக்க வேண்டிய இடத்தில் கடைசி வருஷத்தது ஒன்றுதான் இருந்தது.

"இங்க வரிசையா இருந்திருக்கணும். யாரோ எடுத்திருக்காங்க."

தையற்காரம்மா தான் இல்லை என்று தலையை ஆட்டினாள். அவள் புருஷன் வாசற்படியில் நின்று மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு வருஷம் மருந்து ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். காலாவதியான ஒரு மாத்திரைகூட அவர் கையைத் தாண்டி வார்டுக்குப் போனதில்லை. அந்தப் பெருமையை வீட்டுக்குப் பால் போட வருகிறவனிடம்கூடச் சொல்லியிருக்கிறார்.

"நீங்க ஏதாவது பண்ணீங்களா சார்?"

"நானா? நான் ஒண்ணுமே பண்ணலியே."

ஸ்க்ரூ மேலே கேட்கவில்லை. கோப்பைத் தயாரித்தவர்களின் இணையதளத்துக்கே போய், அந்த 100க்கு உரிய 2010ஆம் வருஷத்துத் தொகுப்பை இறக்கினாள். விண்டோஸ் அறுபத்து நாலு பிட் ரகம், ஆனால் தையல் சாஃப்ட்வேர் பழைய முப்பத்திரண்டு பிட் ரகம். சாஃப்ட்வேருக்குத் தகுந்ததைத்தான் போட வேண்டும். இன்டர்நெட் நத்தை மாதிரி ஊர்ந்தது. போட்டு முடித்தபோது ஒன்றே முக்கால்.

திறந்தாள். கோப்பு இல்லை என்ற பெட்டி வரவில்லை. வேறு பெட்டி வந்தது. புரோகிராமைச் சரியாகத் தொடங்க முடியவில்லை என்று சொல்லி, பூஜ்யமும் சி-யுமாக நீளமாய் ஒரு எண்ணைக் காட்டியது.

தையற்காரம்மா முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "போச்சு. பள்ளிக்கூடத்து டீச்சருக்குப் போன் பண்ணிடறேன்."

"போனைக் கீழ வைங்க அக்கா. இந்த எண் எனக்குத் தெரியும். முப்பத்திரண்டு இருக்க வேண்டிய இடத்துல ஒரு அறுபத்து நாலு உக்காந்திருக்கு. யாரோ எங்கிருந்தோ ஒரே ஒரு கோப்பை மட்டும் இறக்கி உள்ள சொருகியிருக்காங்க."

எங்கே சொருகியிருக்கிறது என்று அவளே தேடலாம். ஆனால் இன்னும் என்னென்ன கைவேலை நடந்திருக்கிறதோ, யார் கண்டது? வைத்தவர் வாயாலேயே வரட்டும் என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டு, வாசற்படியைப் பார்த்து உட்கார்ந்தாள். கையைக் கட்டிக்கொண்டாள்.

தையற்காரம்மாவும் அதே பக்கம் திரும்பினாள்.

"என்னங்க?"

"நான் நல்லதுக்குத்தான் பண்ணேன்" என்றார் அவர்.

"என்ன பண்ணீங்க?"

"ஞாயித்துக்கிழமை கம்ப்யூட்டரைச் சுத்தம் பண்ணேன். ஒரே பேர்ல வரிசையா கிடந்துச்சு. 2005, 2008, 2010, 2012ன்னு வருஷம் போட்டிருந்துச்சு. எல்லாம் ஒரே மருந்து, பேட்ச்தான் வேற. தேதி முடிஞ்சதை எல்லாம் கழிச்சுட்டுப் புதுசை மட்டும் வச்சேன்."

ஸ்க்ரூவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கொண்டையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் கழன்று விழுந்தது.

"சார், அது கெட்டுப்போற தேதி இல்ல. செஞ்ச தேதி. எந்தச் சாஃப்ட்வேர் எந்த வருஷத்துல பொறந்துச்சோ, அந்த வருஷத்து மருந்துதான் அதுக்கு ஒத்துக்கும். புதுசு இருக்குன்னு காட்டினா அது சீண்டிக்கூடப் பார்க்காது."

"நேத்து இவ அழுதுக்கிட்டே இருந்தாளா, மனசு கேக்கல. நெட்டுல தேடினேன். அந்தக் கோப்பை இலவசமா தர்றேன்னு ஒருத்தன் போட்டிருந்தான். ராத்திரி இவ தூங்கினப்புறம் இறக்கி வச்சேன். திறந்தா இதே நீள எண் வந்துச்சு. பயந்துபோய் மறுபடியும் எடுத்து... எடுத்தேனா வச்சேனான்னு தெரியல."

"எங்க வச்சீங்க?"

"அவ சாஃப்ட்வேர் இருக்கிற ஃபோல்டர்லயே. பக்கத்துலயே இருந்தா கைக்குக் கிடைக்குமேன்னு."

"மருந்தைப் படுக்கைக்குப் பக்கத்துலயே வச்சிருக்காரு" என்றாள் தையற்காரம்மா. "நல்லவேளை, என் நெத்தியில வருஷம் எழுதலை. என்னையும் ஞாயித்துக்கிழமையே குப்பைக்கு அனுப்பியிருப்பாரு."

"அவர் வாயைத் திறந்ததே பெரிசு அக்கா, விடுங்க. வக்கீல் இன்னும் ஒத்துக்கல."

ஸ்க்ரூ அந்த ஃபோல்டருக்குப் போனாள். முந்தாநாள் வரைக்கும் இல்லாத ஒரே ஒரு கோப்பு, நேற்றைய தேதியோடு விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தது. சாஃப்ட்வேர் முதலில் தன் வீட்டுக்குள்தான் தேடும். அங்கே இந்தப் போலி கிடைத்ததும், வெளியே இருந்த நல்லதைத் தேடிப் போகவே இல்லை. அதை அழித்தாள். கண்ட இடத்திலிருந்து வந்த சரக்கு என்பதால் வைரஸ் இருக்கிறதா என்றும் ஒருமுறை சோதித்தாள். கழித்துக்கட்டிய மற்ற வருஷங்களை அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று சாஃப்ட்வேரைத் திறந்தாள்.

திறந்தது. பதினாலு பெயரும் அப்படியே இருந்தன. மணி இரண்டு இருபது.

அதற்குப்பின் யாரும் உட்காரவில்லை. தையற்காரம்மா மெஷினை ஓட்டினாள். புருஷன் அடுத்த சட்டையைத் துணி பிடிக்கும் வளையத்தில் இழுத்து மாட்டிக் கொடுத்தார். அதில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது, ஒரு சுருக்கம் விழவில்லை. ஸ்க்ரூ தொங்கும் நூலை வெட்டி, தையலுக்குத் தாங்கலாகப் பின்பக்கம் வைத்த ஒட்டுத்தாளைக் கிழித்தாள். அவள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

பாக்கி ஒன்பதில் ஏழாவது சட்டையில் நூல் அறுந்து ஐந்து நிமிஷம் போனது. எட்டாவது முடியும்போது தெருமுனையில் ஹாரன் கேட்டது.

"போய்ச் சொல்லுங்க, ஒண்ணுதான் பாக்கி, கோல்கீப்பரோடது" என்று தையற்காரம்மா புருஷனை விரட்டினாள். அவர் பதிமூன்று சட்டையோடு ஓடினார். டிரைவரிடம் என்ன சொன்னாரோ, ஹாரன் நின்றது. திரும்பி ஓடி வந்தார். ஊசி கடைசி எழுத்தை முடித்ததும் சட்டையை வளையத்தோடு பிடுங்கிக்கொண்டு, மேஜையிலிருந்த சின்னக் கத்திரியையும் எடுத்துக்கொண்டு மறுபடியும் ஓடினார்.

"நூல் வெட்டலைங்க!"

"பஸ்ல வெட்டித் தர்றேன்! அடுத்த ஸ்டாப்புல இறங்கிடுவேன்!"

இரண்டு பெண்களும் வாசலுக்கு வந்து பார்த்தபோது பஸ் நகர்ந்துவிட்டது. பின்கண்ணாடியில் பெண்கள் விரித்துப் பிடித்த சட்டைகளின் முதுகுகள். எல்லாவற்றிலும் பெயர் இருந்தது. தையற்காரம்மா ஒவ்வொன்றாக விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்.

அரைமணி நேரம் கழித்து டீச்சரின் போனிலிருந்து அவர் பேசினார்.

"நான் இறங்கல."

"ஏன்?"

"மேட்சைப் பார்த்துட்டுத்தான் போகணும்னு பொண்ணுங்க புடிச்சுக்கிச்சுங்க. நானும் இதுவரைக்கும் மைதானத்துல உக்காந்து மேட்ச் பார்த்ததில்ல."

"வீட்டுச் செருப்போடயா போறீங்க?"

"கால்ல எது இருந்தா என்ன, நானா ஆடப்போறேன்? ராத்திரி வந்துடுவேன். சாப்பாடு டீச்சர் வாங்கித் தர்றாங்களாம்."

தையற்காரம்மா போனை வைத்தாள். கொஞ்சநேரம் சிரித்தாள்.

"அப்ப எனக்கு இன்னிக்கு அடுப்பு லீவு. வாடி, நாம ரெண்டு பேரும் வெளிய போய் நல்லா சாப்பிடலாம். மத்தியானம் நீயும் பாதியிலதான எழுந்து வந்தே?"

ஸ்க்ரூ போனைப் பார்த்தாள். ஏழு பேர் கூப்பிட்டிருந்தார்கள். அதை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

"ஸ்கூட்டர்லயே போயிடலாம்க்கா, ஏறுங்க."