சைக்கிள் கூடத்தின் பதினொரு பலகைகள்

வேலாயுதம் மேஸ்திரி ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் தோல்ஷாப்புகளில் முப்பது வருஷமாகத் தோல் காயப்போடும் பரண்களைக் கட்டியவர். மூன்று தட்டு, நான்கு தட்டு, ஈரத்தோலைச் சுமந்து ஏற ஒரு சரிவு. கட்டிடம் நன்றாகத்தான் நிற்கும். பக்கத்தில் போகிறவர்கள்தான் நிற்கமாட்டார்கள். அவர் மனைவி ஜெயம்மாளும் அந்த ரகம்தான். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் ஒரே ஒரு தடவை புருஷன் வேலையைப் பார்க்கப் புறப்பட்டாள். பாதி வழியிலேயே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டாள்.

மேஸ்திரிக்கு அதில் கோபமில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. முட்டியில் வலி, முதுகில் வலி, மற்றபடி அலுப்பு. அவள் வந்து மூக்கைப் பொத்தாமல் நிற்கிற மாதிரி ஒரே ஒரு கட்டிடம் கட்டிவிட்டு உளியைக் கீழே வைத்துவிட வேண்டும். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

1934இல் அதற்கு வழி பிறந்தது. வேலூரில் ஒரு கல்லூரியில் மாணவர்களின் சைக்கிள் இருநூறைத் தாண்டிவிட்டது. நிறுத்துவதற்குக் கிணற்றுக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு துண்டு இடம்தான் இருந்தது. மேனேஜர் நிசார் அஹமது மேஸ்திரியை வரவழைத்து, பக்கவாட்டில் போக இடமில்லை, மேலே போக முடியுமா என்று கேட்டார்.

மேஸ்திரிக்குக் காகிதத்தில் வரையத் தெரியாது. சுண்ணாம்புத் தூளால் தரையிலேயே முழு அளவில் கோடு போட்டார். ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கோடுகளுக்கு நடுவே நடந்தார். திருப்பத்தில் ஹேண்டில் பார் கோட்டைத் தாண்டினால், அதை அழித்து ஒரு முழம் தள்ளிப் போட்டார். சைக்கிள் ஓட்டத் தெரியாத மனுஷர் மூன்று நாள் வெற்றுத் தரையில் சைக்கிளோடு வளைந்து வளைந்து நடந்ததை மாணவர்கள் ஜன்னலுக்கு ஜன்னல் நின்று பார்த்தார்கள். பாடம் எதையும் அவர்கள் அவ்வளவு கவனித்ததில்லை.

மூன்று தட்டு என்று முடிவாயிற்று. கீழே வாத்தியார்கள், நடுவில் பி.ஏ., உச்சியில் இண்டர்மீடியட். சரிவைத் தோல்ஷாப் சரிவில் பாதியாக வைத்தார். தோல் சுமக்கிறவன் எதிலும் ஏறுவான், படிக்கிற பிள்ளை ஏறாது என்பது அவர் எண்ணம்.

இடித்துப்போட்ட ஒரு தோல்ஷாப்பின் பலகைகளை அதன் முதலாளி தானமாகக் கொடுத்தார். மேஸ்திரி அவற்றை இழைத்து, சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, வெயிலில் போட்டார். மோந்து பார்த்தார், நாற்றம் இல்லை. ஆட்களைக் கேட்டார், அவர்களும் இல்லை என்றார்கள். அத்தனையும் தோல்ஷாப்பில் பழுத்த மூக்குகள் என்பது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

திறப்புக்கு மூன்று நாள் இருந்தது. உச்சித் தட்டுக்கு ஏறின நிசார் அஹமது ஏறின வேகத்தில் இறங்கினார். மேஸ்திரியின் முகத்தைப் பார்த்ததும் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டார்.

"மேல வெயில் ஜாஸ்தி, மேஸ்திரி."

கைக்குட்டை அவர் மூக்கிலேயே இருந்தது.

மேஸ்திரி சரிவில் உட்கார்ந்தார். சாப்பாட்டு மணி அடித்து ஓய்ந்தும் எழுந்திருக்கவில்லை. தோல் நாற்றத்துக்குப் பழகாத மூக்கு அவருக்குத் தெரிந்து ஒன்றுதான் இருந்தது. மறுநாள் காலையில் ஜெயம்மாளை ஜட்காவில் கூட்டிவந்தார். வழியில் விஷயத்தைச் சொன்னார்.

"இத்தினி வருஷம் கழிச்சி கூப்புட்டது இதுக்குத்தானா?" என்றாள்.

அவர் ஒரு சுண்ணாம்புக் கட்டியை அவள் கையில் கொடுத்தார்.

அவள் ஏறினாள். சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிறவளைப்போலக் குனிந்து, பலகை பலகையாக மோந்தாள். நாறுகிற பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் குறி போட்டாள். சாயங்காலம் எண்ணினால் பதினொன்று, எல்லாம் உச்சித் தட்டில்.

"மத்ததுல?"

"ஒண்ணுமில்ல. இந்தப் பதினொண்ணுலதான் மாடு இன்னும் படுத்துனு கீது."

மாற்றுப் பலகை கிடையாது.  மேஸ்திரி ஆட்களைக் கூப்பிட்டு, உச்சித் தட்டு ஆணிகளை எல்லாம் பிடுங்கச் சொன்னார். பதினொன்றையும் தள்ளிவிட்டு, மீதியை ஒரு விரல் சந்து விட்டுப் பரப்பினார். தோல் பரணில் காற்றுக்கு விடுகிற அதே சந்து. பலகைகள் குறுக்கே கிடந்ததால் சக்கரம் சிக்காது. சைக்கிளைத் தள்ளிப் பார்த்தார், கடகடவென்று போயிற்று.

மறுநாள் மத்தியானம் வேலை முடிந்தது. ஜெயம்மாள் மறுபடி ஏறிவந்து உச்சியில் நின்றாள். முந்தானை முகத்துக்குப் போயிற்று. பலகையில் உட்கார்ந்திருந்த மேஸ்திரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பிப் பார்த்தபோது அவள் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நாத்தம் போய்ட்ச்சா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் வருது."

"எந்தப் பலகைல?"

"பலகைல இல்லய்யா. உம்மேலதான். கல்யாணத்துலேந்து வருது."

சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேஸ்திரி ஒரு பலகை தள்ளி உட்காரப் பார்த்தார். முட்டி விடவில்லை. அவளும் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோகவில்லை.